றவூப் நானாவின் நெஞ்சு வருத்தம்

முதலிலேயே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பென்சன் எடுத்துக்கொண்டு வந்த அன்று, சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு கட்டி கற்பூரம் கூடுதலாகக் கொளுத்தினேன். பென்சன் கிடைத்ததற்காக அல்ல. அந்த நாசமாய்ப்போன சீட்டு விளையாட்டு அன்றோடு ஒழிந்தது என்பதற்காக.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. கொழும்புக் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்து மூன்று வருசம் வேலை பார்த்துத் தலைமைக் கிளார்க்காக இறங்கியவர். பெயர் பூபாலசிங்கம். நான் நாகமணி. ஒரே மகள் கல்யாணம் முடித்து மலாயாவுக்குப் போய்விட்டாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடும் கோச்சிப் பாதை, அதற்கப்பால் கடல்.

காலை எட்டுப் பத்துக் கோச்சியில் போவார். பின்னேரம் ஐந்தரைக்கு இறங்குவார். இருபத்திரண்டு வருசமாக இரண்டாம் வகுப்பில் ஒரே பெட்டி, ஒரே இடம், கூட அதே மூன்று பேர். ஏறினால் முந்நூற்றிநாலுதான். நாலு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுகிற அந்தச் சீட்டாட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் பைத்தியம் சொல்லி மாளாது. ஒருவருடைய தோல்பெட்டியை முழங்கால்களுக்கு மேலே மேசையாக வைத்துக்கொண்டு, போக இருபது நிமிசம், வர இருபது நிமிசம் ஆடுவார்களாம். காசு வைத்து ஆடுவதில்லை என்று அவர் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். நான் நம்பவில்லை. என் தமையன் ஒருவர் சீட்டால் குடும்பத்தையே தெருவில் விட்டவர். அதனால் சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். "அந்தக் கதை இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டேன். மனுசன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அந்த மூன்று பேருடைய பெயர்கூட இருபத்திரண்டு வருசமாக என் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

பென்சன் எடுத்த முதல் மாதம் எனக்கு நல்ல சந்தோசம். ஆள் வீட்டோடு இருக்கிறார். மரக்கறிக்காரனோடு பேரம் பேசுகிறார். சமையலறை அலமாரியில் தகரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு ஒட்டினார். சீனிக்கு ஏழு, உப்புக்கு எட்டு. "இதென்ன கந்தோரா? எட்டாம் நம்பர் எண்டால் எனக்கு என்ன தெரியும்?" என்று எல்லாவற்றையும் கிழித்து எறிந்தேன்.  அதற்குப் பிறகு அவர் சமையலறைப் பக்கமே வரவில்லை.

மாசி கழிந்தது, பங்குனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படலையடியில் யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால், துருக்கித் தொப்பி போட்டு வெள்ளைக் கோட் மாட்டிய ஒரு சோனக மனுசன். கையில் ஒரு பொதி மாம்பழம்.

"சிங்கம் ஈக்கிறாரா, தங்கச்சி? நாங்க கோச்சிக் கூட்டாளிமார்."

கோச்சி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. சீட்டுக் கூட்டம் வீடு தேடி வந்துவிட்டது!

"அவர் யாழ்ப்பாணம் போயிட்டார். இனி இஞ்ச வரமாட்டார்" என்றேன்.

 மனுசன் மாம்பழத்தை மதிலில் வைத்துவிட்டு, "ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டாரே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பின்னறையில்தான் படுத்திருந்தார். நான் அவரிடம் இதைச் சொல்லவேயில்லை. மாம்பழத்தைச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி வெட்டிக் கொடுத்தேன். நல்ல இனிப்பு. என்ன கொழுப்பு எனக்கு!

சித்திரையில் அவர் சவரம் செய்வதை விட்டார். வைகாசியில் கடற்கரைக்கு நடப்பதை விட்டார். அதற்குப் பிறகு படுக்கைதான், சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்தான். சோறு மூன்று பிடி. கேட்டதற்குப் பதில் ஒரு சொல். எட்டுப் பத்துக் கோச்சி வீட்டுக்குப் பின்னால் ஊதிக்கொண்டு போகும்போது மட்டும் கண்ணை இறுக்க மூடுவார். கொழுக்கட்டை அவித்தேன், இடியப்பம் பிழிந்தேன், ஆட்டுக்கால் ரசம் வைத்தேன். ஏசினேன். அழுதேன். நேர்த்தி வைத்தேன். ஆவணி மாதத்தில் ஒரு நாள் குளிக்கப் போனவர் கிணற்றடியில் கால் மடங்கி இருந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கும்போது அவருடைய பாரம் எனக்குத் தெரிந்தது. பாரமே இல்லை.

டாக்டர் தில்லைநாதன் வந்தார். நெஞ்சைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், சலம் சோதித்தார். பிறகு என்னை முன் விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"உடம்பில ஒரு வருத்தமும் இல்லை, அம்மா. ஆனால் இப்பிடியே போனால் ஆள் வருசம் தாண்டாது."

"வருத்தம் இல்லையெண்டால் ஏன் தாண்டாது? என்ன கதை கதைக்கிறியள்?"

"இந்த ஒழுங்கையிலயே மூண்டு பென்சன்காரரை நான் பார்த்து, சுடலைக்கு அனுப்பியிட்டன். எல்லாருக்கும் இதே கதைதான். இவருக்குச் சிநேகிதர் ஆர்? ஆரோட கதைச்சுச் சிரிக்கிறவர்?"

"நான் இருக்கிறனே!" என்று சீறினேன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் இருக்கிறியள். அது காணாது" என்றார். பெரிய டாக்டர்! அவர் போன பிறகும் ஒரு மணித்தியாலம் அவரைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு யோசித்தேன். அவர் யாரோடு சிரித்தார்? இந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் பின்னேரம் கோச்சியால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருக்கும். படலையைத் திறக்கும்போது அதை அழித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்குப் பயந்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய உயிருக்கு எமனாக நான்தான் படலையில் நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் காஞ்சிபுரச் சேலையைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேசனுக்குப் போனேன். தனியாக ஒரு பொம்பிளை, கையில் பையும் இல்லை, பயணமும் இல்லை. மேடையில் நின்ற கிளார்க்மார் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! எட்டுப் பத்துக் கோச்சி வந்து நின்றது. இரண்டாம் வகுப்புப் பெட்டிகளின் யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். மூன்றாவது பெட்டியில் அந்தத் துருக்கித் தொப்பி தெரிந்தது. அவருக்கு முன்னால் மெலிந்த ஒருவர் முழங்காலில் தோல்பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன. இரண்டிலும் இடம் பிடித்துக் கைலேஞ்சி விரித்திருந்தது.

"இஞ்சாருங்கோ! உங்களைத்தான்!" என்று யன்னலில் தட்டினேன். அதற்குள் கார்ட் விசில் ஊதிவிட்டான். ஒரு நிமிசம்தான் கோச்சி நிற்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? இந்தக் கோச்சியை விட்டால் எனக்கு நாளைக்கு இதே துணிச்சல் வராது என்று மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு ஏறிவிட்டேன். டிக்கட் இல்லை. கோச்சி வெளிக்கிட்டது. நான் தடுமாறி விழப்போய், ஒரு கைலேஞ்சிக்கு மேலேயே குந்திவிட்டேன்.

மெலிந்தவர் வாயைப் பிளந்தார். "அம்மா, அது எங்கட ஆளின்ர சீட்."

"உங்கட ஆள் என்ர புருசன்!" என்றேன்.

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. துருக்கித் தொப்பிக்காரர்தான் றவூப். தங்கச்சி என்று கூப்பிட்டவரை நானும் அன்றிலிருந்து அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிட்டேன். புறக்கோட்டையில் ஒரு பெரிய புடைவைக் கடையில் மேற்பார்வை. மெலிந்தவர் நிக்கலஸ், சுங்கத்தில் வேலை. இருவரும் கல்கிசையில் ஏறி மற்ற இருவருக்கும் இடம் பிடிப்பவர்கள். அடுத்த ஸ்டேசனான பம்பலப்பிட்டியில் ஏறியவர் சவுந்தரநாயகம். அவர் ஏறியபோது நான் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் என்று சொன்னது பச்சைப் பொய் என்பதையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பெட்டியில் இருந்த மற்றவர்கள் பேப்பரைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்கள்.

வேறு யாரும் என்றால் என்னை ஏசியிருப்பார்கள். றவூப் நானா அப்படி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

"அழ வாணாம், தங்கச்சி. பிழை எங்கள்லயும் ஈக்கி" என்றார். "கடைசி நாள் இந்த இடத்துல எழும்பி நிண்டு பேச்சு வெச்சாரு. 'என்ட எடம் காலியாகுது, அடுத்த சீனியரைப் போடுங்க, நான் பென்சன் ஆனவன், இனி எனக்கு இதுல உரிமை இல்ல' எண்டு. கந்தோர்க் கதிரையெண்டு நெனைச்சிட்டாரு இந்த மனுசன். நாங்களும் கை குடுத்து அனுப்பிட்டம். அப்பவே காதைப் பிடிச்சு இருத்தியிருக்கோணும்."

"எட்டு மாசமா மூண்டு பேராத்தான் விளையாடுறம். அது விளையாட்டே இல்லை" என்றார் சவுந்தரநாயகம்.

கோட்டையில் டிக்கட் கலெக்டர் என்னை மறித்தான். சவுந்தரநாயகம் அவனோடு சிங்களத்தில் தம்பி தம்பி என்கிற மாதிரி என்னவோ மல்லி மல்லி என்று கதைத்து என்னை வெளியே எடுத்து, திரும்பும் கோச்சியில் ஏற்றிவிட்டார்.

அன்று பின்னேரமே மூன்று பேரும் வெள்ளவத்தையில் இறங்கி வந்தார்கள். நான் பின்னறைக்கு ஓடிப்போய், "உங்கட ஆக்கள் வந்திருக்கினம், எழும்புங்கோ" என்றேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். ஒரு கணம் கண்ணில் வெளிச்சம் வந்தது, நான் பார்த்தேன். அடுத்த கணம் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"நித்திரை எண்டு சொல்லும்."

"உங்களுக்கு விசரே? எனக்காக வேண்டாம், வந்த சனத்துக்கு மரியாதைக்காகவேனும்..."

போர்வைக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார்: "சுந்தரலிங்கத்தைத் தெரியுமே? எனக்கு முந்தித் தலைமைக் கிளார்க்கா இருந்தவர். பென்சன் எடுத்த பிறகும் மாசம் ரெண்டு தரம் கந்தோருக்கு வந்து வாங்கில குந்திக்கொண்டிருப்பார். எங்களுக்கு வேலை, அவருக்கு வேலையில்லை. 'பேய் வந்திட்டுது' எண்டு சொல்லிச் சிரிப்பம். நான்தான் கூடச் சிரிச்சனான். அந்தப் பேயா நான் போமாட்டன், நாகமணி. என்னை விடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நிக்கலஸ் தலையைக் குனிந்துகொண்டார். சவுந்தரநாயகம் இன்னொரு நாள் வரலாம் என்று எழும்பினார். றவூப் நானா மட்டும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "தங்கச்சி, ஒத்துக்கொண்டா நான் அறைக்குள்ள போறன்" என்றார். நான் திரைச்சீலையை விலக்கிவிட்டு அதற்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

கட்டில் ஓரத்தில் அவர் இருந்த சத்தம் கேட்டது.

"சிங்கம், எழும்ப வாணாம். படுத்துக்கொண்டே கேளுங்க. நான் உங்களப் பாக்க வரல்ல. எனக்கு ஒரு உதவி வேணும்." போர்வைக்குள் அசைவில்லை. "எனக்கு நெஞ்சு வருத்தம். ரெண்டு மாசமா ஈக்கி. கோச்சியால எறங்கினாத் தலை சுத்துது. தனிய நடக்க வாணாமெண்டு டாக்டர் சொல்லிட்டாரு. கோட்டையில எறங்கினா இவனுகள் ரெண்டு பேரும் கந்தோருக்கு ஓடுறானுகள். நான் புறக்கோட்டைக்கு அந்தச் சனத்துக்குள்ளால தனியத்தான் போகோணும். மொதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே நிப்பாட்டிப் போடுவாரு. வூட்டுல கட்டிக் குடுக்க ரெண்டு கொமருகள் ஈக்கி. ஹமீமாவுக்கும் சொல்லல்ல, அவ பயந்த மனுசி. காலையில நேரம் ஈக்கிற ஒரு மனுசனை எனக்குத் தெரியும். அது நீங்கதான்."

 என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

"எந்தப் பக்கம் நோகுது?"

"எடப் பக்கம்."

"எண்ணெய்ச் சாப்பாடு விட்டாச்சோ?"

"இல்ல."

"விசர் மனுசன்! இடப் பக்கம் நோகுதெண்டுறீர், எண்ணெய்ச் சாப்பாட்டை விடேல்லையெண்டுறீர்! உம்மட டாக்டர் ஆர்? என்ன மருந்து தந்தவன்? குறிச்சு வைச்சிருக்கிறீரோ? ஒண்டும் இல்லை! இருபத்திரண்டு வருசமா உமக்கு ஒழுங்கு எண்டது கிடையாது!"

எட்டு மாதத்தில் அவர் இவ்வளவு கதைத்தது அன்றுதான். நான் திரைச்சீலையை வாயில் திணித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "நாகமணி! சுடுதண்ணி வையும். நாளைக்கு நான் சவரம் செய்யவேணும்."

அடுத்த நாள் இரண்டு பேரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேசனுக்கே போனார். பிறகு நிக்கலஸ் சொல்லிச் சிரித்தார்: கோட்டை மேடையில் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்களாம், யார் யாரைத் தாங்கிப் போகிறார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சமாம். கடை வாசலில் றவூப் நானாவை விட்டுவிட்டு அவர் பத்தரைக் கோச்சியில் திரும்பினார். பின்னேரம் மறுபடி வெளிக்கிட்டார். மற்ற இருவரும் நானாவைக் கூட்டிக்கொண்டு வரும் கோச்சியில் வெள்ளவத்தையில் ஏறி, கல்கிசையில் நானாவை வீட்டுப் படலை வரை கொண்டுபோய் விட்டு வரவேண்டுமாம். ஒரு நாளைக்கு இரண்டு தரம். மனுசன் பழையபடி சீசன் டிக்கட் எடுத்துவிட்டார்.

பிறகு நடந்ததைக் கண்ணால் கண்டவள் நான். முதல் கிழமை சோறு பத்துப் பிடி. இரண்டாம் கிழமை கறிக்கு உப்புக் காணாது என்று சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டு எனக்கு மனம் பூரித்துப்போனது. ஒரு மாதத்தில் கால் நடுக்கம் நின்றது. ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு வரும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது, அழிக்காத சிரிப்பு. "இண்டைக்கு நானும் றவூப்பும் அவங்களைத் தும்பு தும்பாக்கிப் போட்டம்" என்றார். "அப்பிடியோ? வடிவாச் சொல்லுங்கோ" என்றேன் நான். சீட்டுக் கதையைக் கேட்க நாற்காலி இழுத்துப் போட்டு இருந்தேன், பாருங்கள்! டாக்டர் தில்லைநாதன் தெருவில் கண்டு, "நான் என்ன மருந்து குடுத்தனான்?" என்று தலையைச் சொறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தது. நான் வடை சுட்டுக் கொடுப்பேன். றவூப் நானாவுக்கு மட்டும் வடை இல்லை. உப்பில்லாத குரக்கன் கஞ்சியும் அவித்த பூசணிக்காயும்தான். என் வீட்டுக்காரருடைய கட்டளை. நிக்கலஸும் சவுந்தரநாயகமும் வடையை நொறுக்கும்போது நானா அந்தக் கஞ்சியை முகம் சுளிக்காமல் கடைசி மிடறு வரை குடிப்பார். "நல்லா ஈக்கி, தங்கச்சி" என்பார். பாவம், என்ன பொறுமை என்று நினைப்பேன்.

அடுத்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கல்கிசைக்கு எங்களை அழைத்தார்கள். ஆம்பிளைகள் முன்னுக்கு இருக்க, நான் உள்ளே நானாவின் மனைவி ஹமீமாவோடு வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மனுசி, வாய் ஓயாத மனுசி. கதையோடு கதையாக, என் வாய் சும்மா இராமல், "நானாவுக்கு நெஞ்சுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை என்று அவர் சொன்னது அந்த நேரத்தில் மறந்தே போயிற்று.

ஹமீமா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "எங்கட மனுசருக்கா? நெஞ்சிலயா?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அவருக்குத் தும்மல் தடிமன் வந்தே ஆறு வருசம் ஈக்கும். காலையில கெணத்துல அம்பது வாளி அள்ளித் தலையில ஊத்துற மனுசன். போன மாசம் கடை மொதலாளி எல்லாரையும் டாக்டரிட்டக் காட்டின. இவருக்குத்தான் நெஞ்சு குதிரை மாதிரியாம்!"

வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்தேன். யன்னலால் எட்டிப் பார்த்தேன். முன் விறாந்தையில் என் வீட்டுக்காரர், எங்கள் வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவந்த குரக்கன் கஞ்சியை றவூப் நானாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பெருநாள் அன்று, தன் சொந்த வீட்டில், ஆட்டிறைச்சி வாசம் மூக்கைத் துளைக்க, அந்த மனுசன் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தார். எனக்கு வந்த அழுகையை என்ன சொல்வது! என் கூடப் பிறந்தவன் எனக்கு இப்படிச் செய்யமாட்டான். படலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மனுசன், திருப்பி அனுப்பியவளின் தாலிக்காக ஆறு மாதமாக நோயாளியாக நடிக்கிறான்.

ஆனால் அழுகைக்குப் பின்னாலேயே பயம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்தால்? ரோசக்காரர். 'என்னை ஏமாத்தி எழுப்பினவங்கள்' என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்? இந்த முறை யார் எழுப்புவது? வாயைப் பூட்டிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று. மூன்று மாதம் தாக்குப் பிடித்தேன்.

வைகாசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, ஒழுங்கை முழுக்க வெள்ளம். அவருக்கு இரண்டு நாளாக இருமல். குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இண்டைக்கு ஒரு நாள் நில்லுங்கோ. இந்த மழைக்குள்ள நனைஞ்சு குளிர் பிடிச்சால்?"

"றவூப் கோட்டையில தனிய இறங்குவார்."

"இறங்கட்டும்!"

"என்ன கதை இது? நெஞ்சு வருத்தக்காரன்..."

"அந்தாளுக்கு ஒரு கோதாரி வருத்தமும் இல்லை!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கையால் வாயைப் பொத்தினேன். என்ன செய்துவிட்டேன்! அவர் கையில் குடையோடு வாசலில் அசையாமல் நின்றார்.  போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ஆர் சொன்னது?" என்றார்.

"ஹமீமா" என்றேன். "கோவிக்காதேங்கோ. அந்த மனுசன் உங்கட நன்மைக்காகத்தான்..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் கிழமையே தெரியும். கோட்டைப் பாலப் படியில நான் மூச்சு வாங்கி நிண்டன். அவர் எனக்குத் தண்ணி வாங்க ரெண்டு ரெண்டு படியாப் பாய்ஞ்சு ஓடினார். நெஞ்சு வருத்தக்காரன் அப்பிடி ஓடுவானோ?" அவர் என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்குக் கோவம் வந்ததுதான். நாளையில இருந்து போறேல்லை எண்டு நினைச்சன். பிறகு பார்த்தன். திரும்பி வந்து, தண்ணியைக் குடிக்கத் தந்திட்டு, ஞாபகம் வந்தவுடன நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு என்ர தோளில சாயுறார். எனக்காக, நாகமணி. ஐம்பத்து நாலு வயசில ஒரு மனுசன் எனக்காக நடுச் சந்தியில நிண்டு நடிக்கிறார். நான் எழும்பாமல் விட்டால் அந்தப் பாடு என்னத்துக்கு? அதுக்காகவெண்டாலும் நான் எழும்பவேண்டாமே?"

  எதிரில் நின்ற மனுசனை அன்றைக்குத்தான் முதல் முதல் பார்ப்பதுபோல இருந்தது.

"அப்ப அந்தக் கஞ்சி?" என்று கடைசியில் கேட்டேன். "தெரிஞ்சுகொண்டும் ஏன் அந்த மனுசனுக்குக் கஞ்சி குடுக்கச் சொன்னனீங்கள்?"

அவர் முகத்தில் கள்ளச் சிரிப்பு ஒன்று வந்தது. "பொய் சொன்னால் கொஞ்சமாவது அனுபவிக்கவேண்டாமே?" என்றார். பிறகு முகம் மாறி, "உமக்குத் தெரியுமெண்டு அவருக்குக் காட்டிப்போடாதேயும். வெட்கப்பட்டுப் போவார்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கினார். நான் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டில் சேர்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிக்குக் கொஞ்சம் உப்பும், யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி நெய்யும் போட்டேன். றவூப் நானா முதல் மிடறு குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

யுத்தம் வந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. நிக்கலஸ் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினார், சவுந்தரநாயகத்தைத் திருகோணமலைக்கு மாற்றினார்கள். நாற்பத்து மூன்றில் றவூப் நானாவும் கடையை விட்டு நின்றுவிட்டார். கொமருகள் இரண்டும் கரை சேர்ந்திருந்தன. டாக்டர் வருசம் தாண்டாது என்று சொன்ன என் வீட்டுக்காரருக்கு அப்போது அறுபது.

நானா கடையை விட்ட மறுநாள், எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் சவரம் செய்து, கோட் மாட்டிக்கொண்டு, குடையோடு வெளிக்கிட்டார். எனக்கு விளங்கவில்லை.

"எங்க போறியள்?"

"எட்டுப் பத்துக்கு. கோட்டையில இறங்கி, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, பத்தரைக் கோச்சியில வந்திடுவம்."

"கந்தோரும் இல்லை, கடையும் இல்லை. ரெண்டு பேருக்கும் கோட்டையில என்ன வேலை?"

அவர் படலையைத் திறந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"றவூப்புக்கு நெஞ்சு வருத்தம் எல்லே, நாகமணி" என்றார். "தனிய விடலாமே?"